பரண்மேல் இருப்பது யாருடையது?

வீட்டை ஒதுங்க வைப்பது எப்படி என்று சொல்லித் தரும் வீடியோக்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதில் வருகிறவர் தனியாக இருப்பார், மிஞ்சிப்போனால் கணவன் மனைவி இரண்டு பேர். "ஒரு வருஷமாகக் கை படாத பொருளா? தூக்கிக் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு வருஷமாகக் கை படாதது என்றால் முதலில் வருவது பரண்மேல் கவிழ்த்து வைத்திருக்கும் பித்தளை அண்டா. அது என் மாமியாருடையது. அடுத்தது கொழுந்தனின் கேரம் போர்டு. அதற்கடுத்தது மாமாவின் சைக்கிள் பம்ப். மாமா இப்போது இல்லை. இதில் எதைத் தூக்கிக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது?

மதுரையில் எங்களுடையது கீழே இரண்டு அறை, மேலே ஓர் அறை, ஒரு மொட்டை மாடி உள்ள பழைய வீடு. அத்தை, நான், வீட்டுக்காரர், கல்யாணம் ஆகாத கொழுந்தன், எட்டாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன் என்று ஆறு பேர் இருக்கிறோம். ஆறு பேருக்கும் சாமான் உண்டு, ஆறு பேருக்கும் அடுத்தவர் சாமான் அடைசலாகத்தான் தெரியும். வேலைக்குப் போய்விட்டு வந்து இந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் நான் நம்புவது ஒன்றுதான்: ஒரு பொருள் யாருடையது என்று தெரியாமல், அவரைக் கேட்காமல், ஒரு கரண்டியைக்கூட வெளியேற்றக் கூடாது. அது மெதுவான வழிதான். ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் வேறு வழி நிலைக்காது என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன்.

அருப்புக்கோட்டையில் எங்கள் அம்மாச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்த சமயம். அம்மாச்சி ஆஸ்பத்திரியில் இருந்தபோது சித்தி நல்ல மனசோடு அவருடைய அறையைச் சுத்தம் செய்துவைத்தார். திரும்பி வரும்போது தூசி ஆகாதே என்ற அக்கறைதான். கட்டிலுக்கு அடியில் இருந்த தகர டப்பாக்கள், கந்தல் துணி மூட்டை, பழைய காலண்டர்கள் எல்லாம் போயின. அவற்றோடு, பட்டாளத்தில் இருந்த என் தாய்மாமா எழுதிய நீல நிற இன்லேண்டு லெட்டர்கள் அடங்கிய ஒரு பிஸ்கட் டின்னும் போய்விட்டது. அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டிய பிறகு மடித்து அதில் போட்டுவைப்பார். சித்தி அழுதார், மன்னிப்புக் கேட்டார். அம்மாச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எதையும் விடவில்லை. பால் கவரைக் கழுவிக் காயவைத்து அடுக்கினார், மருந்து பாட்டில் மூடியைச் சேர்த்தார், ட்ரங்குப் பெட்டிச் சாவியைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு தூங்கினார். ஆபரேஷனுக்கு முன் அந்த அறையில் இருந்ததைப்போல இரண்டு மடங்கு சாமான் அவர் காலமாகும்போது இருந்தது.

கேட்காமல் எறிந்தால் வீடு காலியாகாது. பொருளைப் பறிகொடுத்தவர் மிச்சத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். வயதானவர்களிடம் மட்டும் இல்லை, குழந்தைகளிடமும் இதையே பார்க்கிறேன். என் மகனிடம் கேட்காமல் ஓர் உடைந்த கார் பொம்மையை எடுத்தால் அடுத்த ஒரு வாரம் சாக்லேட் பேப்பரைக்கூடத் தரமாட்டான்.

அதனால் நான் ஆரம்பித்தது என் பீரோவில். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு இல்லை, ஹாலில் பாய் விரித்து எல்லோரும் பார்க்க. அளவு சேராத ஜாக்கெட்டுகள், ஃபால்ஸ் பிரிந்த சேலைகள், வளைகாப்பிலும் பூப்புனித நீராட்டு விழாவிலும் வந்து சேர்ந்த ஜாக்கெட் பிட்டுகள். பிட்டுகளே ஒரு கட்டப்பை நிறைய இருந்தன. தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்பார்கள், நாமும் வாங்கி வைத்து, வேறொரு தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்போம். நல்லதாக நாலைந்தை எடுத்துக்கொண்டு, மீதியைத் தையல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பழகக் கொடுத்தேன். அத்தை வெற்றிலை மடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாசம் கழித்து அவரே, "அந்தப் பரண்ல என்னதான் கிடக்குதுன்னு ஒரு நாளைக்கு இறக்கிப் பார்ப்போமா தாயி" என்றார்.

பரணை இறக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கொழுந்தன் ஏணியில் நின்று ஒவ்வொன்றாக இறக்கித் தர, வீட்டுக்காரர் வாங்கிக் கீழே வைத்தார். தவலை, கொப்பரை, சருவச்சட்டி, தூக்குவாளி, சம்படம், அடுக்குப் பானை, எவர்சில்வர் குடம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கிக் கொடுப்பவர்கள் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். இப்போது மெஷின் வந்துவிட்டது. அப்போதெல்லாம் கூரான உளியை வைத்துத் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக எழுத்து விழும். அத்தை ஒவ்வொரு பாத்திரத்தையும் திருப்பி விளிம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு என் மகளிடம் நீட்டினார். "வாசி." மகள் வாசித்தாள். அத்தையின் தாய்மாமன் பெயர், ஊர்ப் பெயர், 1974 வைகாசி என்று மாசம். அடுத்ததில் பெரியப்பா. இன்னொன்றில் "மில் நண்பர்கள்" என்று மட்டும். "இது அப்பத்தாவுக்கு யாரு?" என்று கேட்டபடியே வந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கதை இருந்தது. அந்தத் தாய்மாமன் கையில் காசில்லாத நிலையில் நெல்லை விற்று அந்தத் தவலையை வாங்கினாராம். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை.

சாயங்காலம் ஆகும்போது அத்தையே பிரித்துவிட்டார். பெயர் வெட்டியதில் முக்கியமான சொந்தங்களுடையது ஒரு பக்கம். பெயர் இல்லாதது, ஓட்டை விழுந்தது, அடி நசுங்கிய அலுமினியம், கைப்பிடி இல்லாத வாணலி ஒரு பக்கம். நாத்தனாருக்குக் கொடுக்க வேண்டியது தனி. நான் செய்தது எல்லாம் கேட்டதுதான்: "இது யார் கொடுத்தது அத்தை? இதை வைத்துக்கொள்வோமா?" வேண்டாம் என்று அவர் சொன்னதைத்தான் கொடுத்தோம். பாதிக்குமேல் அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் பிரித்திருந்தால் அவ்வளவு போயிருக்காது. தாய்மாமன் தவலையோடு சேர்த்து எல்லாவற்றுக்கும் சண்டை வந்திருக்கும்.

பித்தளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் புழங்குவதற்காக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பூச்சு போன பித்தளையில் புளியும் மோரும் பட்டால் களிம்பு ஏறும், அதில் சமைத்தால் வயிற்றைக் கெடுக்கும். ஈயம் பூச ஆள் கிடைத்தால் பூசி வாங்கலாம். பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காரீயம் உடம்புக்கு விஷம். தாய்மாமன் தவலைக்கும் ஒரு சருவச்சட்டிக்கும் பூசி வாங்கினோம். பொங்கல் இப்போது அந்தச் சருவச்சட்டியில்தான் வைக்கிறோம். மற்ற பித்தளையை எடைக்குப் போட்ட காசை அத்தை கையில்தான் கொடுத்தோம். அது அவருடைய சீர், காசும் அவருடையது.

பழைய நூல் சேலை விஷயத்திலும் அத்தைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பல தடவை துவைத்து மெத்தென்று ஆன சேலைதான் தூளி கட்டத் தோது, பிறந்த பிள்ளையை ஏந்தவும் பழைய வேட்டிதான் வேண்டும். இந்தக் குடும்பத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் ஆள் அனுப்பிக் கேட்பது அத்தையிடம்தான். அதனால் அவை அடைசல் இல்லை. நாலு சேலை, இரண்டு வேட்டி துவைத்து, வேப்பிலை போட்டுத் தனிப் பையில் கட்டிவைத்தோம். மற்றவை கரித்துணி ஆயின.

ஹால் வேறு மாதிரி. அங்கே இருப்பது யாருடையது என்பதைவிட, அங்கே ஏன் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஹாலில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு கொழுந்தனின் புத்தகங்கள் இருந்தன. பார்க்கிறவர்கள் எல்லாம், "பிள்ளைகளோட பழைய புத்தகத்தை எடைக்குப் போடலையா?" என்று கேட்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான், பழைய சமச்சீர் புத்தகமும் 2018-க்குப் பிறகு வந்த புதிய பாடத்திட்டப் புத்தகமும் கலந்து. ஆனால் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்களுக்கு அதுதான் மூலதனம். குரூப் 4 தேர்வில் தமிழும் பொது அறிவும் பெரும்பாலும் அந்தப் புத்தகங்களை ஒட்டியே வரும் என்பதால் பழைய பதிப்பைக்கூடத் தேடி வாங்கிப் படிப்பார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே ராத்திரி பதினோரு மணி வரை படிக்கிற பையனின் புத்தகத்தை நான் அடைசல் என்று எப்படிச் சொல்வேன்?

ஆனால் நடப்பு நிகழ்வுகள் மாத இதழ்கள் வேறு கணக்கு. அவற்றுக்கு ஆயுள் குறைவு. "தம்பி, இது எந்த வருஷப் பரீட்சைக்கு?" என்று மட்டும் கேட்டேன். உட்கார்ந்து பார்த்தவர், பழசையெல்லாம் அவரே கயிறு போட்டுக் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனார். மாடி அறையில் சுவரோடு ஒரு பலகை அடித்து, பாடப்புத்தகங்கள் வகுப்பு வாரியாக அங்கே ஏறின. பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களை மட்டும் மகளும் சித்தப்பாவும் கிழித்தெடுத்தார்கள், பைண்டிங் கடையில் தைத்து வாங்கினோம். அவருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க அதுதான் ரஃப் நோட்டு.

ஹாலில் தினமும் சேருவதற்கு நாங்கள் வைத்திருப்பது கூடைகள். மாடிப்படிக்குக் கீழே ஆளுக்கு ஒன்று, ஆறு நிறத்தில். சாப்பாட்டு மேஜைமேலோ சோபாவிலோ யாருடைய பொருள் கிடந்தாலும் அது அவரவர் கூடைக்குப் போகும். சார்ஜர், ஹெட்போன், கணக்கு நோட்டு, அத்தையின் மூக்குக் கண்ணாடி டப்பா, எதுவானாலும். குப்பைக்கு எதுவும் போகாது, அது முக்கியம். "என் பொருளை எங்கே வைத்தீர்கள்?" என்ற சத்தம் இதனால் பெருமளவு குறைந்துவிட்டது. தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் அவரவர் கூடையை அவரவர் காலி செய்ய வேண்டும். மகன் கூடையை மகன்தான், வீட்டுக்காரர் கூடையை வீட்டுக்காரர்தான். அடுத்தவர் கூடையை நான் காலி செய்வதில்லை, நிரம்பி வழிந்தாலும். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆறு பேர் போடுவதை ஒருத்தி எடுத்துவைப்பது என்பது ஒழுங்கு இல்லை, அது அந்த ஒருத்தியின் உழைப்பு. எங்கள் தலைமுறை அம்மாக்கள் அதைச் செய்தே இடுப்பு விட்டுப்போனார்கள்.

மொட்டை மாடி விஷயத்தில் மட்டும் நான் காத்திருக்கவில்லை. மழைக்காலத்துக்கு முன் மாநகராட்சியிலிருந்து கொசுப் புழு பார்க்க வந்த அக்கா மேலே போய்ப் பார்த்துவிட்டு எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பழைய ஸ்கூட்டர் டயர், பெயின்ட் டப்பா, செடி செத்துப்போன தொட்டி, கொட்டாங்குச்சி. டயருக்குள் தேங்கியிருந்த தண்ணீரை டார்ச் அடித்துக் காட்டினார், புழுக்கள் நெளிந்தன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரிச் சின்னத் தண்ணீரில்தான் முட்டையிடும். புழு கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாசக்கணக்கில் காய்ந்தே கிடந்து அடுத்த மழையில் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பொருளையே அப்புறப்படுத்த வேண்டும் என்றார். கீழே வந்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே எல்லோரையும் மாடியில் கூட்டி, எது யாருடையது என்று கேட்டேன். டயர் வீட்டுக்காரருடையது. எப்போதாவது உதவும் என்று வைத்திருந்தாராம். கூரைக்குக் கீழ் நனையாத இடத்தில் வைத்துக்கொள்வதா, கொடுப்பதா என்று கேட்டேன். கொடுத்துவிட்டார். எரித்துவிடலாம் என்று பேச்சு வந்தது, வேண்டாம் என்று விட்டோம். போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காதீர்கள் என்று ஒவ்வொரு வருஷமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்கிறது. அந்தப் புகையை முதலில் மூச்சில் இழுப்பது நம் வீட்டுப் பிள்ளைகள்தானே.

காகிதங்களுக்கு ஒரே ஒரு இரும்புப் பெட்டி. வீட்டுப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள், அத்தையின் பென்ஷன் தாள்கள். மாமா மில்லில் வேலை பார்த்தவர், பி.எஃப். பென்ஷன் இப்போது அத்தைக்கு வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று கொடுக்கும்போது பி.பி.ஓ. நம்பர், அதாவது பென்ஷன் உத்தரவு எண், வேண்டும். அந்தத் தாளை ஒருமுறை தேடி வீடே தலைகீழான பிறகுதான் இந்தப் பெட்டி வந்தது. கரண்ட் பில், கேஸ் பில், பழைய ரீசார்ஜ் சீட்டு எதுவும் அதற்குள் போகக் கூடாது. சாவி எங்கே இருக்கிறது என்பது பெரியவர்கள் நாலு பேருக்கும் தெரியும்.

வெளியே போவதைப் பற்றியே பேசுகிறோம், உள்ளே வருவதையும் பார்க்க வேண்டும். மதுரைப் பக்கம் காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று மாசம் தவறாமல் ஏதாவது இருக்கும். போனால் கையில் ஒரு பை வரும். பிளாஸ்டிக் கூடை, குங்குமச் சிமிழ், ஒரு சின்ன டிபன் பாக்ஸ். வேண்டாம் என்று சொல்ல முடியாது, கொடுப்பவர் மனசு நோகும். நாங்கள் செய்வது, வந்த அன்றே இது யார் வீட்டு விசேஷத்தில் வந்தது என்று சீட்டு ஒட்டி ஒரே அட்டைப்பெட்டியில் போடுவது. அடுத்த விசேஷத்துக்குச் சீர்த்தட்டு வைக்கும்போது முதலில் அந்தப் பெட்டியைத் திறப்போம். சீட்டு எதற்கென்றால், கொடுத்தவருக்கே திரும்பப் போய்விடக் கூடாது. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு இனிமேல் சாமான் கொடுப்பதில்லை என்று அத்தையும் ஒத்துக்கொண்டார். மகள் சடங்குக்கு மஞ்சள் பையில் தேங்காய், வெற்றிலைப் பாக்கு, கால் கிலோ கடலை மிட்டாய் போட்டுக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் தின்று தீர்ந்துவிடும், யார் வீட்டுப் பரணுக்கும் போகாது.

வீட்டுக்காரர் ஒயர்களைப் போட்டுவைக்கும் பெட்டி ஒன்றும் உண்டு. அது அப்படியே இருக்கிறது. மேல் அறையில், அவருடைய அலமாரியில், கதவுக்குப் பின்னால். அவருடைய இடத்தில் அவருடைய பொருள் இருக்கிறது, நான் அதைத் திறப்பதுகூட இல்லை. அது ஹாலுக்கு இறங்கிவந்தால்தான் என் வேலை. சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் யாரும் கேள்வி கேட்காத ஒரு மூலையாவது வேண்டும். மகனுக்கு அது கட்டிலுக்கு அடியில் உள்ள ஒரு அட்டைப்பெட்டி. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தின்பண்டம் மட்டும் வைக்கக் கூடாது, எறும்பும் கரப்பானும் வரும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இப்போது மிச்சம் நிற்பது அந்தப் பெரிய டிவி. 2006-ல் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டத்தில் வந்தது, படம் நின்று பல வருஷம் ஆகிறது. மாமா சொந்தக் கையால் ரேஷன் கார்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தது என்பதால் அத்தைக்கு விட மனசில்லாமல் இருந்தது. போன வாரம்தான் சரி என்றார். பழைய பேப்பர் கடையில் கேட்டால் உடனே எடுத்துக்கொள்வார்கள், ஆனால் சில இடங்களில் செம்புச் சுருளை உருவிக்கொண்டு கண்ணாடிப் படக்குழாயை உடைத்து எங்கேயாவது போட்டுவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது, மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கக் கூடாது. முறையாக எடுத்துக்கொள்ளும் மின்கழிவு நிறுவனம் எது, வீட்டுக்கே வந்து எடுப்பார்களா என்று கொழுந்தன் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை அதன்மேல் யாரும் எதையும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நாத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறார். அவருக்கென்று அத்தை ஒதுக்கிய கொப்பரையும் இரண்டு தூக்குவாளியும் மாடிப்படி ஓரத்தில் தயாராக இருக்கின்றன.